உப்பில்லாத தொட்டி

ஆராயிக்கு நாற்பத்தாறு வயது. அதில் முப்பது வருடம் மரக்காணம் உப்பளத்தில் போய்விட்டது. கையிலும் காலிலும் வெடிப்பு. அது அங்கே எல்லோருக்கும் உள்ளதுதான். யாருக்கும் இல்லாத ஒன்று அவள் வீட்டில் இருந்தது: கண்ணாடித் தொட்டியில் எட்டு கப்பி மீன், ஐந்து நத்தை. திண்டிவனத்தில் வாங்கியது. கண்ணாடியில் பிடிக்கிற பாசியை நத்தைகள் மெதுவாகத் தின்று தீர்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீரை மீனுக்கு ஊற்றுகிறாள், கொழுப்பைப் பார் என்றார்கள். ஊற்றினாள்தான். போர் தண்ணீர் கரிக்கும். அதில் நத்தை தாங்காது.

அவள் கணவன் குழந்தைசாமிக்குப் பல்வலியா, முள் குத்தியதா, கண்ணேறா, எல்லாவற்றுக்கும் உப்புதான். ஒரு நாள் மீன்மேல் வெள்ளைப் புள்ளி வந்தது. ஆராயி கடைக்குப் போன நேரம் பார்த்து இரண்டு கை கல்லுப்பை அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டான். அவள் திரும்பியபோது மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. நத்தைகள் ஐந்தும் ஓட்டை மூடிக்கொண்டு அடியில் கிடந்தன. கதை சொல்லும் எனக்கு அவன்மேல் கோபமில்லை. உப்பை நம்பியே பிழைத்தவன் வேறு எதை நம்புவான்?

ஆராயி நத்தைகளைப் பொறுக்கிக் குடிதண்ணீர்க் குடத்தில் போட்டாள். நாளைக்குத்தான் தண்ணீர் வரும், அதுவரை எதைக் குடிப்பது என்று அவன் பதறினான்.

"நாள் பூரா உப்புலதான் நிக்கிறேன். இந்த வீட்ல இது ஒண்ணுதான் உப்பில்லாம இருந்துச்சு. அதுலயும் கொண்டாந்து கொட்டிட்டியே" என்றாள். அவன் வேறொரு குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கேட்கப் போனான்.

காய்ச்சலோடுகூட அளத்துக்குப் போனவள் மறுநாள் போகவில்லை. மேஸ்திரி போன் போட்டார். நத்தைக்கு உடம்பு சரியில்லை என்று உள்ளதைச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார். எனக்கு இங்கே ரத்தம் கொதித்தது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"சிரிச்சு முடிச்சிட்டீங்களா? லீவுன்னு எழுதிக்குங்க. எதுக்குன்னும் எழுதிக்குங்க, நத்தைக்குன்னு."

மதியத்துக்குள் மூன்று நத்தைகள் ஓட்டைத் திறந்து குடத்துக்குள் ஊர ஆரம்பித்தன. அடுத்த நாள் விடிந்ததும் மேஸ்திரி கூப்பிடட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. இன்னும் இரண்டு திறக்கவில்லை, இன்றைக்கும் வர மாட்டேன் என்று தானே போன் போட்டுச் சொன்னாள்.