பதிவேட்டில் ஒரு கையெழுத்து

ஜெர்மனியில், ஆஹெனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரம். மழைக்கு நூலகத்தில் ஒதுங்குகிறேன். வாசல் மேசையில் ஒரு நோட்டு விரிந்து கிடக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே நம் ஊர் நூலகங்களில் நுழைவோம்? பழக்கதோஷத்தில் தமிழிலேயே பெயரெழுதி, நேரத்தையும் குறிக்கிறேன். உள்கதவு பூட்டியிருக்கிறது.

சாவிக்கொத்தோடு ஒரு பெண் வருகிறார். நோட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்கிறது; பேச்சு யாழ்ப்பாணத் தமிழ்.

"தமிழோ அண்ணை? நல்லகாலம் வந்தீங்கள். ரெண்டு பேர் இல்லாட்டி திறக்க ஏலாது. நான் தனிய எண்டு, இண்டைக்குப் பூட்டு எண்டு எழுதி ஒட்ட வந்தனான்."

நான் கையெழுத்திட்டது வாசகர் பதிவேடு அல்ல, வேலைக்கு வருபவர்களின் பட்டியல். இங்கே நூலகம், நீச்சல்குளம், நாடக அரங்கு எல்லாவற்றையும் நகரத்துக்காக ஓர் அறக்கட்டளை நடத்துகிறதாம். நூலகத்தைப் பார்த்துக்கொள்வது தொண்டர்கள்.

"நான் ஊர் சுற்ற வந்தேங்க. தெரியாம போட்டுட்டேன்."

"பறவாயில்லை. ஆறு மணி மட்டும் இருங்கோ, காணும்." ஆறு மணிவரை இருந்தால் போதுமாம்.

என் பின்னால் குடைகளை மடித்தபடி நான்கு பேர் நிற்கிறார்கள். அவர் சாவியை என்னிடம் நீட்டுகிறார். திறக்கிறேன். முதலில் நுழையும் ஜெர்மானியப் பெரியவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். ஐந்து நிமிடம் தாமதமாம்.

நூலகத்தின் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.