சுமைதாங்கியில் இறக்கி வைத்த மூட்டை

ஐயா, முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மூட்டை தூக்கித் தூக்கி விரல்கள் மடங்கிப் போய்விட்டதால் பேனா கையில் நிற்க மாட்டேன் என்கிறது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இப்போதும் தடுமாறுவேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் வந்து சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அந்த வாய் வராததுதான் இந்தக் கதையே.

பேய் பிசாசை நான் நம்பினவன் இல்லை. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்குப் போவேன், கறிச்சோறு சாப்பிடுவேன், யாராவது சாமியாடினால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அப்படிப்பட்டவன்தான் இதை எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள்.

தென்காசி கோபுரம் இடிந்து மொட்டையாக நின்ற காலம் அது. மார்க்கெட்டில் சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். என் கூடப் பிறந்தவள் ஒரே தங்கை, முத்தம்மா. அவளை எங்களோடு சுமை தூக்கும் பரமசிவனுக்குத்தான் கட்டிக் கொடுத்தோம். மார்க்கெட்டிலேயே பலசாலி அவன். அவன் வீடும் என் வீடும் ஒரே வரிசை, நடுவில் ஒரு சுவர்தான். முத்தம்மாவுக்குப் பிள்ளை உண்டாகி ஏழு மாதம் நிறைந்தபோது ஒரு நாள் மத்தியானம் நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. நெல் மூட்டையைத் தரையில் போட்டால் வருமே, அந்தச் சத்தம். மூன்று தடவை. கொஞ்சம் இடைவெளி. பிறகு இரண்டு. இடைவெளியில் "அண்ணே" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரம், நான் போய் என்ன பேசுவது என்று, சோற்றுக் கை காய்ந்து போகும்வரை உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பிள்ளையும் போய் அவளும் போய்விட்டாள். குளிப்பாட்ட வந்த நர்சம்மா, அவள்தான் எங்கள் தெருப் பிரசவமெல்லாம் பார்ப்பவள், முத்தம்மா வயிற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் கேட்டாள், "என்னப்பா நடந்துச்சு?" நான் வாயைத் திறப்பதற்குள் பரமசிவன் என் தோளில் கையைப் போட்டான். "கிணத்துப் படியில வழுக்கி விழுந்துட்டாம்மா. சொல்லும் மச்சான், வழுக்கித்தான விழுந்தா?" நான் தலையை ஆட்டினேன்.

பிள்ளையைச் சுமந்தபடி செத்துப்போனவளுக்குப் பாதையோரம் சுமைதாங்கி நடுவார்கள், ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தினது. வழிப்போக்கன் சுமையை அதில் இறக்கும்போதெல்லாம் அவள் சுமை கொஞ்சம் இறங்கும் என்பார்கள். பரமசிவன் நட மாட்டேன் என்றுவிட்டான். "கல்ல நட்டா எப்படிச் செத்தான்னு போறவன் வாறவன்லாம் கேப்பான்." நான்தான் இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்தச்சரைக் கூட்டிப்போய், மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற பாதையில் யாருக்கும் தெரியாமல் நட்டேன். பெயர் வெட்டவில்லை. வெட்டப் பயம்.

அடுத்த ஆனி மாதம் நர்சம்மா மார்க்கெட்டுக்கு வந்தாள். நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு நிதி ஆரம்பித்திருந்தாள். "பெத்தவளுக்குப் பாலு, முட்டை, பத்தியம் எல்லாம் குடுக்காவ. வயித்துலயே பறிகொடுத்தவள மறுநாளே களையெடுக்கப் போகச் சொல்லுதாவ. அவளுக்கும் உடம்பு உடம்புதானய்யா? ஒரு மாசத்துக்கு அவ வீட்டுல அடுப்பெரியணும். ஒரு ஓட்டப் பந்தயம் வச்சுப் பணம் பிரிக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

எங்கள் சங்கத் தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சி சிரித்தார். "வெறுங்கைய வீசிட்டு ஓடுனா எவம்மா பாப்பான்? இவனுவள மூட்டையோட ஓட விடுதேன். ஆளுக்கு அரை மூட்டை அரிசி. கோயில் வாசல்ல இருந்து குத்தாலம் அருவி வரைக்கும். போய்ச் சேருத மூட்டைக்குக் கடைக்காரனுவ பணம் குடுக்கட்டும், அரிசி ஒம் பொம்பளையளுக்கு." விதியும் அவரே சொன்னார். "தரையில வச்சவன் அவுட்டு. சுமைதாங்கியில வச்சாக் குத்தமில்ல. அது தரையில்ல."

நர்சம்மா நோட்டில் ஒவ்வொருவரிடமும் யார் பேருக்கு ஓடுகிறாய் என்று கேட்டு எழுதினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு முத்தம்மா என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். அந்த மூட்டை மட்டும் தரையில் படாமல் போய்ச் சேர வேண்டும் என்று அன்றைக்கே எனக்குள் ஒரு வெறி விழுந்துவிட்டது. பரமசிவன் ஜெயிக்கிறவனுக்குக் கிடைக்கும் வேட்டிக்காக ஓடினான். "எம் பேருக்கே எழுதும்மா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு விட்டார்கள். வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்தது. பதினோரு பேர். ஓட்டமா அது, அடிதடி. தெரு முக்கு திரும்புவதற்குள் ஒருவன் முட்டி உரிந்து விழுந்தான், அவன் மேல் இன்னொருவன் ஏறி மிதித்துக்கொண்டு போனான். பரமசிவன் என் பக்கத்தில் வந்து முழங்கையால் வாயில் ஒரு இடி இடித்தான். முன்பல் ஒன்று ஆடிப்போய் ரத்தம் சட்டையில் வடிந்தது. "ஓய் மச்சான், உமக்கெதுக்கு ஓட்டம்? பேசாம வீட்டுல இரும். அதுதான் உமக்கு நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குக் காது அடைத்தது. மூட்டையை மட்டும் விடவில்லை.

மேலகரம் தாண்டும்போது அவன் முதல் ஆள், நான் இரண்டாவது, எனக்கு ஐம்பது அடி பின்னால் வேலு என்பவன். அந்தக் கல் தெரிந்தது. பரமசிவனுக்கு மூச்சு வாங்கியது போல, விறுவிறு என்று போய் மூட்டையைக் கல்லின் மேல் இறக்கினான். யார் கல் என்று அவனுக்குத் தெரியாது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "வாரும் ஓய், இங்கன வந்து இறக்கும். எவளோ ஒரு மகராசி ஒமக்குன்னே நட்டு வச்சிருக்கா."

ஐயா, அந்தச் சிரிப்பு முடியவில்லை. அவன் வயிறு உள்ளே போனது. யாரோ ஓங்கி மிதித்தால் எப்படி மடங்குவானோ அப்படி மடங்கினான். அதே சத்தம், மூட்டை தரையில் விழுகிற சத்தம். நிமிரப் பார்த்தான், இரண்டாவது விழுந்தது. மூன்றாவதில் மல்லாந்து விழுந்தான், வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்து மூக்குக்குள் போனது. பிறகு கொஞ்சம் இடைவெளி. எனக்குத் தெரியும் அந்த இடைவெளி. அதற்குள் அவன் கூப்பிட்டான். "மச்சான், அவள நிப்பாட்டச் சொல்லும்."

நான் பத்தடி தள்ளித் தலையில் மூட்டையோடு நின்றேன். அன்றைக்கு உட்கார்ந்திருந்தது போலவே நின்றேன். இரண்டு சத்தம் கேட்டது. விலா எலும்பு முறிந்தது என் காதுக்கே கேட்டது. கல்லின் மேலிருந்த மூட்டை தானாகச் சரிந்து அவன் நெஞ்சில் விழுந்தது.

சைக்கிளில் வந்த அண்ணாச்சியும் வேலுவும் ஓடிவந்து மூட்டையைப் பிடித்தார்கள். அரை மூட்டை ஐயா, தினமும் முழு மூட்டை தூக்குகிறவர்கள் நாங்கள். இரண்டு பேர் பிடித்தும் அது அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் மூன்று பேர் மூட்டையோடு நின்று பார்க்கிறார்கள். பரமசிவன் கண் மேலே சொருகிவிட்டது. அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. "போதும்ட்டீ முத்தம்மா. ஏட்டீ, போதும்."

மூட்டை பஞ்சு மாதிரி வந்தது. அண்ணாச்சி அதைப் பிடித்த கையோடு பின்னால் போய் விழுந்தார்.

வேலு என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "நீதாம்லே மிதிச்ச. நான் பின்னாலருந்து பாத்துட்டுத்தான வந்தேன்!" நான் கல்லுக்குக் கிட்டேயே போகவில்லை என்றேன். "போய்ச் சேருலே மொதல்ல, மத்தத அங்க பேசிக்கிடலாம்" என்று அண்ணாச்சி என்னைத் தள்ளிவிட்டார். மீதித் தூரம் எப்படி ஓடினேன் என்று தெரியாது. மூட்டை தரையில் படவில்லை.

பேரருவிக் கரையில் நர்சம்மா மூட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே குதிரை வண்டியில் பரமசிவனைக் கொண்டுவந்தார்கள். அவள் சட்டையைக் கிழித்து வயிற்றைப் பார்த்தாள். கருநீலமாகப் பாதத் தடங்கள். வேலு மறுபடி ஆரம்பித்தான், "இவன்தாம்மா மிதிச்சான்." நர்சம்மா ஒரு தடத்தின் மேல் விரலை வைத்தாள். இரண்டாவது விரல் இருக்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு, மெட்டி அழுத்தின மாதிரி. "மெட்டி போட்ட காலுய்யா இது" என்றாள். பிறகு பரமசிவனிடம் குனிந்து, "யாரு மிதிச்சா, சொல்லு" என்றாள்.

அவன் என்னையே பார்த்தான். "யாருமில்லம்மா. வழுக்கி விழுந்துட்டேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் என்னமோ அறுந்தது. அருவி இரைச்சலுக்கு மேல் எனக்கே தெரியாத குரலில் கத்தினேன். "முத்தம்மா வழுக்கி விழலம்மா. இவன் மிதிச்சான். அஞ்சு மிதி. நான் கேட்டுட்டு இருந்தேன். அவ என்னையக் கூப்பிட்டா, நான் போகல." குளிக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நர்சம்மா என் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "இத அன்னைக்கே நீ சொல்லுவேன்னு நின்னேம்ப்பா" என்றாள். மறுநாள் சொந்தக்காரர்கள் கூடின இடத்திலும் எல்லாவற்றையும் சொன்னேன். பரமசிவன் உடம்பு தேறியதும் புனலூர்ப் பக்கம் போய்விட்டான், திரும்ப வரவில்லை. நான் கல்லில் பெயர் வெட்டினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். பயத்தில் வேலு ஏதோ பார்த்தான், வலியில் பரமசிவன் ஏதோ சொன்னான் என்று விட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கே அருவியில் ரத்தத்தைக் கழுவும்போது வலது கால் எரிந்தது. குனிந்து பார்த்தேன். பெருவிரல் நகம் பிய்ந்திருந்தது, அது ஓட்டத்தில் பிய்ந்திருக்கலாம். பக்கத்து விரலைச் சுற்றி, ஆழமாக, வளையமாக ஒரு தடம். நான் பிறந்ததிலிருந்து காலில் ஒரு கயிறுகூடக் கட்டினதில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அந்தத் தடம் போகவில்லை. என் வீட்டுக்காரி சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டாள். ஆடி மாதம் சாரல் விழ ஆரம்பித்தால் அந்த விரல் மட்டும் வீங்கி, மெட்டியைக் கழற்ற முடியாமல் மாட்டிக்கொண்டது போல வலிக்கிறது. இப்போதும் வலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நான் கல்லுக்குக் கிட்டே போகவில்லை ஐயா. போகவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

1988, ஆடி மாதம் 12-ஆம் தேதி, புதன்கிழமை.