மெட்டி இறங்கவில்லை

அப்பாவின் அக்கா அருப்புக்கோட்டையில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தாள். பகல் முழுக்க நின்றே செய்கிற வேலை. ஒரு கோடையில் அத்தையின் பாதங்கள் வீங்கின. எங்கள் வீட்டில் டாக்டர் என்பவர் சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் உரியவர். அம்மா கல்லுப்புப் போட்ட வெந்நீரில் கால்களை வைக்கச் சொன்னாள். சூடாக்கிய செங்கல்லில் எருக்கிலையைப் பரப்பி மிதிக்க வைத்தாள். பாதம் கொஞ்சம் வடிந்தது. மெட்டி போட்ட விரல்கள் மட்டும் வடியவில்லை. வெள்ளி சதைக்குள் புதைந்து, விரல்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்தன. விளக்கெண்ணெய் தடவி, நூல் சுற்றி, நான்கூட இழுத்துப் பார்த்தேன். மெட்டி நகரவில்லை.

லாரி ஓட்டப்போன மாமா, அத்தையின் புருஷன், தேனியில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். அத்தையைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அப்பா ஆசாரியைக் கூட்டி வந்தார். மெட்டியை அறுப்பது புருஷன் செத்த பிறகுதான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆசாரி தயங்கித்தான் பேசினார்.

“வெள்ளிக்கு என்னம்மா தெரியும்? அறுத்துட்டு, வீக்கம் வத்தினதும் பத்தவச்சுத் தாரேன்.”

அத்தை கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“மொதல்ல ஒம்ம பொஞ்சாதி மெட்டியை அறுத்துட்டு வாரும்.”

அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். கடைசியில் ஆசாரியை அனுப்பிவிட்டார்.

பிறகு காய்ச்சல் கண்டது. மதுரை ஆஸ்பத்திரியில் மெட்டியை வெட்டினார்கள், விரல்களையும் எடுத்தார்கள். அங்கே யாரும் வழக்கம் கேட்கவில்லை. அத்தை வெட்டிய மெட்டிகளைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா உடைந்துபோய் தேனிக் கதையைச் சொன்னார். ஆசாரி வந்த அன்றே சொல்லியிருந்தால் விரல் தப்பியிருக்கும் என்றார். அத்தை வெளியே காய்ந்து கிடந்த கரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு முன்னாலயே தெரியும்லே. மெட்டி கெடக்கையிலயே பட்டறையில ஒவ்வொருத்தனும் பார்க்கிற பார்வை ஒனக்குத் தெரியாது. இதையே பத்தவச்சு அடுத்த விரல்ல போட்டுக்கிடுவேன்.”

நான் அத்தையின் மடியில் சாய்ந்திருந்தேன். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டுமே, இதற்கு யாராவது இரண்டு விரல்களைக் கொடுப்பார்களா என்று அவள்மேல் எனக்குக் கோபமாக வந்தது.