கசாப்புக் கடைக்காரர் பேசிய தமிழ்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி சேந்தமங்கலத்திலிருந்து அப்பாவின் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் மலையேறி வந்தது. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாராம். பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அம்மா இன்றும் சொல்லிக்காட்டுவார். அவ்வளவு பாடுபட்டு வந்த பெட்டி சும்மா இருக்கக் கூடாது என்பது அப்பாவின் கொள்கை. இந்தியோ இங்கிலீஷோ, கரன்ட் இருந்தால் பெட்டி ஓட வேண்டும், நாங்கள் எதிரே உட்கார வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம், தொண்ணூற்றொன்பதோ இரண்டாயிரமோ, ஞாயிறு காலையில் இங்கிலீஷ் கார்ட்டூன் தொடர் ஒன்று வந்தது. அதில் என் வயசுப் பையன் ஒருவன். குச்சிக் கால். கால் நுனியில் நின்று சுற்றிச் சுற்றி ஆடுகிற பாலே நடனம்தான் அவனுக்கு உயிர். அவன் அப்பா கசாப்புக் கடைக்காரர். மீசையும் தொந்தியும் கையில் வெட்டுக்கத்தியுமாக வருவார். பையன் கறி மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பழகுவான். அவர் வரும் சத்தம் கேட்டால் தொங்குகிற ஆட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

"என்ன கண்ணு சொல்றான்?" என்பார் அப்பா. வீட்டில் இங்கிலீஷ் படிப்பவன் நான் ஒருவன்தான். காலாண்டுத் தேர்வில் நான் அதில் வாங்கியது நூற்றுக்கு முப்பத்தேழு என்பதை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. புரிந்த நாலு வார்த்தையை வைத்து நானும் ஒப்பேற்றிவந்தேன். அதுவரை எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

பிறகு பள்ளி ஆண்டு விழா நெருங்கியது. நடனம் சொல்லித்தர வந்த டீச்சர் பையன்களை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். எல்லோரும் சரிந்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டே இருந்தேன். இதில் திறமை ஒன்றும் இல்லை. மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க நாங்கள் ஏறுவது ஒற்றை மூங்கிலில். கணுவில் வெட்டாமல் விட்டிருக்கும் குச்சியில் கட்டைவிரலை ஊன்றி அரைநாள் நிற்க வேண்டும். முட்டி தேய்ந்துபோன பிறகு அப்பா ஏறுவதில்லை, ஏறுவது என் வேலை. டீச்சருக்கு அதெல்லாம் தெரியாது. என்னை முன்வரிசையில் நட்டநடுவில் நிறுத்திவிட்டார். அதுவரை என்னை யாரும் எதற்கும் நடுவில் நிறுத்தியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒத்திகை பொங்கல் கழிந்து, சனிக்கிழமைகளில். மிளகு பழுப்பதும் அப்போதுதான். "மொளகு உதுந்து போயிரும். ஆட்டமெல்லாம் பொட்டப்புள்ளைங்க ஆடட்டும்" என்று அப்பா முடித்துவிட்டார். பொங்கல் கழிய மூன்று ஞாயிறு இருந்தது.

முதல் ஞாயிறு, பையன் ஆடுவதைக் கசாப்புக் கடைக்காரர் பார்த்துவிட்டார். கத்தியைக் கட்டையில் ஓங்கிக் குத்திவிட்டுக் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்.

"என்ன சொல்றான்?" என்றார் அப்பா.

"'சனிக்கிழமை கடைக்கு வர வேண்டாம். நீ போயி ஆடு சாமி, கறிய நான் பாத்துக்கறேன்'ங்கறாருங்க."

"அதுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்தறான்?"

"பாசம் ஜாஸ்திங்க."

அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த ஞாயிறு பையன் தேம்பித் தேம்பி அழுதான். சந்தோஷத்தில் என்றேன். கசாப்புக் கடைக்காரர் அவனைக் காதைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போனார். ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதாம் என்றேன். "தங்கமான மனுசன். மூஞ்சிதான் சரியில்ல" என்றார் அப்பா. எனக்கு நம்பிக்கை பிறந்தது.

மூன்றாவது ஞாயிறு அந்த ஆள் பையனின் ஆட்டச் செருப்பை அடுப்பில் தூக்கிப் போட்டார்.

"'செருப்பு பழசாயிருச்சு, புதுசு வாங்கித் தாரேன்'ங்கறாரு" என்றேன். பெட்டியில் பையன், மூடிய கதவின் மேல் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தான். அப்பா எழுந்துபோய், ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அணைத்தார். அது வந்த நாளிலிருந்து அவர் அதைப் பாதியில் அணைத்து நான் பார்த்ததில்லை.

"எனக்கு இங்கிலீசு தெரியாது கண்ணு. கோவத்துல இருக்கற அப்பன் மூஞ்சி தெரியும். மொத வாரமே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏனுங்க சும்மா இருந்தீங்க?"

"நீ சொன்ன கதையில அந்தாளு நல்லவனா இருந்தான்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

பொங்கல் கழிந்து வந்த முதல் சனிக்கிழமை காலை சாக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஆட்டம் அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றியிருந்தேன். ஆனால் மூங்கில் ஏற்கெனவே மரத்தில் சாத்தியிருந்தது. உச்சியில் அப்பா. கட்டைவிரலை ஊன்றி நின்ற காலின் நடுக்கம் மூங்கிலிலும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் மலையே அதிரக் கத்தினார்.

"இங்க எதுக்குடா வந்தே? நீ போயி ஆடு சாமி! மொளக நான் பாத்துக்கறேன்!"

கீழே அம்மா உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்கம்மா இப்படிக் கத்தறாரு?"

அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"பாசம் ஜாஸ்தி" என்றார்.