ரங்கூன்காரி கட்டிலை நகர்த்தினாள்

நான் பிறந்து வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டதெல்லாம் ரங்கூனில். மதராஸ் எனக்கு அந்நிய ஊர். ஜப்பான்காரன் ரங்கூன்மீது குண்டு போட்ட பிறகு, கிடைத்த கப்பலில் நானும் என் கணவரும் ஏறி இங்கே வந்து இறங்கினோம். நாங்கள் ஊருக்குள் வந்த நேரம், ஊர் வெளியே போய்க்கொண்டிருந்தது. அடுத்த குண்டு மதராஸில்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

குமாஸ்தாக்கள் ஓடிவிட்டதால் துறைமுகத்தில் என் கணவருக்கு உடனே வேலை கிடைத்தது. வீடு கிடைத்ததும் அப்படித்தான். ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தானும் கிளம்பிக்கொண்டிருந்தார். பூட்டிக் கிடந்தால் திருட்டுப் போகும், ஆள் இருந்தால் போதும் என்று கட்டில், பீரோ, நாற்காலிகளோடு வீட்டை எங்களுக்கு விட்டார். சாவியைக் கொடுத்த பிறகும் தயங்கி நின்றார்.

"அபாயச் சங்கு ஊதின பொறவு ஒளிய நேரம் இருந்துச்சாம்மா? நீங்க கண்ணால பாத்தவியல்லா?"

முதல் நாள் யாரும் ஒளியவில்லை, விமானங்கள் வெயிலில் அழகாக மின்னின, தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அந்த வீட்டில் எனக்கு ஒட்டவே இல்லை. நாற்காலிகள் வைத்தியர் வீட்டில் போட்டிருப்பதுபோல் சுவரோரமாக வரிசையாக நின்றன. தலையணையில் வேறு யாரோ தேய்த்த எண்ணெயின் வாடை. கட்டில் கடலைப் பார்த்த ஜன்னலடியில் கிடந்தது. படுத்தால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். ரங்கூனில் நான் கட்டிய பழைய பர்மா லுங்கியைக் கிழித்துத் திரை தைத்தேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். ரங்கூனில் அம்மா செய்வதுபோல் காய்ந்த இறாலை இடித்துக் குழம்பு வைத்தேன். வாசனை வந்ததும் கொஞ்சம் வீடு மாதிரி இருந்தது.

தெருவில் என்னை ரங்கூன்காரி என்றார்கள். நான் கடந்து போனால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். எங்களைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா மட்டும்தான் வந்து உட்காருவாள். அவள் கணவருக்கு வண்ணாரப்பேட்டையில் தோல் வியாபாரம். சரக்கு கிடங்கில் மாட்டிக்கொண்டதால் அவர்கள் கிளம்பாமல் இருந்தார்கள். அவள் வரும்போதெல்லாம் என் கண் அறையைச் சுற்றி எங்கே போகிறது என்று பார்ப்பாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் காலை கட்டிலை உள்ளறைக்கு மாற்றலாம் என்று தோன்றியது. ரங்கூனில் எங்கள் கட்டில் ஜன்னல் இல்லாத சுவரை ஒட்டிக் கிடக்கும். கண் விழித்தால் எதிரே கதவு தெரியும். இங்கேயும் அப்படி விழிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. தனியாக அசைக்க முடியாத தேக்குக் கட்டில். அக்காவைக் கூப்பிட்டேன். இழுக்கும்போது கால்கள் தரையில் உரசிக் கத்தின. எதிர்வீட்டுப் பெண்கள் ஜன்னலுக்கு வந்தார்கள்.

இங்கேதான் போட வேண்டுமா என்று அக்கா கேட்டாள். ஆமாம், இனிமேல்தான் நிம்மதியாகத் தூங்குவேன் என்றேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்து தெருவில் ஜட்கா வண்டிகள். மூட்டைகள், பாத்திரங்கள், கூண்டோடு கோழிகள். மத்தியானத்துக்குள் எதிர்வரிசை முழுக்கப் பூட்டு. நான் வாசலில் திகைத்து நின்றபோது, துப்பட்டி போர்த்திக்கொண்டு அக்கா வந்து தன் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். ஆம்பூர்ப் பக்கம் உறவுக்காரர்களிடம் போவதாகச் சொன்னாள்.

"சரக்கு இன்னும் கிடங்கில்தானே அக்கா இருக்கிறது?"

"சரக்கு போனா போவுது. தெருவே உன்னத்தான் தங்கச்சி பாத்துகினு இருந்திச்சு. குண்டு பாத்தவ நீ ஒருத்திதான். நீ ஜன்னலாண்ட கீற வரைக்கும் பயமில்லன்னு இருந்தோம். நேத்து கட்டிலை உள்ள இழுத்துட்டியே."

ரங்கூன் வீட்டைப்போல் இருக்கட்டும் என்றுதான் நகர்த்தினேன், வேறொன்றும் இல்லை என்று படபடப்பாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனுக்குத் தெரியாது. உன் உடம்புக்குத் தெரிஞ்சிகீது. நீயும் போயிடு தங்கச்சி."

தன் மாமியாரைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கணவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். கட்டிலைப் பழைய இடத்தில் போட்டுவிடு, எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று சிரித்தார். அடுத்த நாள் அவர் போன பிறகு, பார்க்கத் தெருவில் ஆளே இல்லை என்று தெரிந்தும், அதை நான் ஒருத்தியாக அங்குலம் அங்குலமாக ஜன்னலடிக்குத் தள்ளினேன். அதில் படுத்தேன். பாரந்தூக்கிகளின் கொக்கிகளுக்கு மேலே வானம் சுத்தமாக, நீலமாக இருந்தது. என் கைகால்கள் நடுங்கத் தொடங்கின. எழுந்து உட்கார்ந்தேன், மறுபடி படுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அழுதுகொண்டே கட்டிலைத் திரும்ப உள்ளே இழுத்தேன். அக்கா சொன்னது சரி என்று அப்போது தெரிந்தது.

ஆனால் போக எங்களுக்கு வேறு ஊர் இல்லை. பிறகு வந்த நாட்களில் தெருவில் ஆடுகள் மட்டும் திரிந்தன. எங்கள் அடுப்புப் புகை தவிர வேறு புகை இல்லை. ஒரு முற்பகல் சங்கு ஊதியது. உள்ளறைச் சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் விழவில்லை. அபாயம் நீங்கிய சங்கு ஊதி நெடுநேரமாகியும் என்னால் எழ முடியவில்லை. கணவர் ஓடிவந்து கதவைத் தட்டியபோது தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் நின்றேன்.

மழைக்காலம் முடிவதற்குள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எங்கள் தெருவில் ஓர் ஓடுகூட உடையவில்லை. அக்கா பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். மாமியார் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டதாகச் சொன்னாள். என்னைக் குறை சொல்லவில்லை. சாவியை நீட்டினேன், அவள் அதை வாங்காமல், சோறு இருக்கிறதா, பிள்ளைகள் பசியோடு இருக்கின்றன என்று கேட்டாள். நான் இலை போட்டேன்.