சங்கிலி மகனின் கால்

சங்கிலிக்கு அன்றைக்கு வேண்டியதெல்லாம் ஒரு பாய், ஒரு தூக்கம். பரவை மார்க்கெட்டில் விடிய விடிய முட்டைக்கோஸ் மூட்டை இறக்கிவிட்டு, குளிக்காமல் வாடிப்பட்டி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி வந்திருந்தான். சின்ன வயதிலேயே தோளில் ஏறிய மூட்டை. இப்போது நாற்பதை நெருங்குகிறான். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. கல்யாணம் பிந்தி, பிள்ளை அதற்கும் பிந்தி, முந்தாநாள்தான் பாண்டிமீனா ஆண் பிள்ளை பெற்றிருந்தாள். இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தார்கள்.

நர்ஸ் அஸ்வினி விடவில்லை. அனுப்புமுன் எல்லாப் பிள்ளைக்கும் பார்ப்பதுதான் என்று, குழந்தையின் வலது கையிலும் அப்புறம் காலிலும் சிவப்பு விளக்கு எரியும் பட்டையைச் சுற்றினாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எம்புட்டு என்று மிஷின் சொல்லும். குறைந்தால் இருதயத்தில் கோளாறு இருக்கலாம். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போகக் கூடாதாம். கையில் சரியாக இருந்தது, காலில் தொண்ணூற்றொன்றுதான் காட்டியது.

"ஒரு மணி நேரங் கழிச்சுத் திரும்பப் பாக்கணும்ண்ணே."

வாசலில் காரோடு நின்ற மைத்துனன் அழகுபாண்டி உள்ளே வந்தான். "மச்சான், ராகுகாலம் பெறக்கப் போகுது, கெளம்புங்க. பய நல்லாத்தான கத்துறான்? நெறங்கூட அப்படியே ஒங்க நெறம், அடுப்புக்கரி."

"ஒங்கக்கா மட்டும் வெள்ளக்காரியாக்கும்" என்றான் சங்கிலி.

அஸ்வினி சிரிக்கவில்லை. "கருப்பா இருந்தா ஒடம்பு நீலம் பூத்தாலும் கண்ணுக்குத் தெரியாதுண்ணே. அதுக்குத்தான் மிஷினு."

"மிஷினு சரியில்லையோ என்னமோ. எனக்கு மாட்டுங்க சிஸ்டர், பாப்பம்."

சங்கிலி நீட்டிய காய்த்துப்போன விரலில் பெரியவர்களுக்கு உள்ளதை மாட்டினாள். தொண்ணூற்றெட்டு.

சங்கிலி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ராத்திரி முழுக்க மூட்டை சுமந்து, நிற்கத் தெம்பில்லாத உடம்பு தொண்ணூற்றெட்டு காட்டுகிறது. ஒரு துரும்பைக்கூடத் தூக்காத பயல் தொண்ணூற்றொன்று.

"கால் குளுந்து கெடந்தாலும் கொறச்சுக் காட்டும்ண்ணே. சூடா வச்சிருங்க, திரும்பப் பாப்போம்."

"மாப்ள, கார ஓரமாப் போடு" என்றான் சங்கிலி. "ராகுகாலம் வந்தா வந்துட்டுப் போகுது."

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் காலை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டான். கண் சொருகியது. தலை கட்டில் கம்பியில் மோதி விழித்தான். மறுபடி சொருகியது. கை மட்டும் விலகவில்லை.

திரும்பப் பார்த்தார்கள். கால் வெதுவெதுப்பாக இருந்தும் அதே தொண்ணூற்றொன்று. டாக்டரம்மா வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "மதுரைக்குக் கொண்டுபோய் இருதய ஸ்கேன் எடுக்கணும். இப்பவே."

பாண்டிமீனா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் பரவையைக் கடந்தபோது மார்க்கெட் வாசலில் அவன் கூட்டாளிகள் டீக்குடித்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலி நிமிரவில்லை. கூட வந்த அஸ்வினி சொன்னாள்: "அண்ணே, செத்த நேரம் கண்ண மூடுங்க. நான் பாத்துக்கிறேன்."

"வேணாம் சிஸ்டர். கைய எடுத்தா காலு குளுந்துரும்."