முன் சீட்டில் விரித்த ரப்பர் ஷீட்

மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பரணைத் துழாவியபோது அந்த ரப்பர் ஷீட் அகப்பட்டது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. "நல்லாத்தானம்மா கீது, கொயந்தைக்கு இதுவே போதும்" என்றாள். புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி அவள் கையிலிருந்து வாங்கி மடித்தேன். அவளும் அவள் தம்பியும் அதில்தான் படுத்து வளர்ந்தார்கள். ஆனால் அதைப் பார்த்தால் எனக்குப் பிள்ளைகள் ஞாபகம் வருவதில்லை. மாமனார் ஞாபகம்தான் வருகிறது. உடம்பு கூசுகிறது.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அதோடு கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு வாங்கி, சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறக்கும் வியாபாரம். வியாபாரம் என்றால் மாமனார்தான். மலைக்காரர்கள் அவர் வாய்ச்சொல்லுக்குக் கிழங்கு கொடுத்தார்கள். வெளுத்த வேட்டியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அவிழ்த்துப் போட்டுவிட்டு வேறு கட்டுகிற மனிதர். சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போன பிறகும் வாரம் தவறாமல் கரியாலூருக்கு ஏறிவிடுவார். வண்டியை ஓட்டுவது என் வீட்டுக்காரர். பக்கத்து சீட் மாமனாருடையது.

அந்தப் பிக்கப் ஊட்டிப் பக்கம் ஓடிய பழைய வண்டி. குளிருக்காக அதில் ஹீட்டர் இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் அதன் பித்தானை யார் தொடுவார்கள்? அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது. இன்ஜினைக் குளிர வைக்கும் பச்சைக் கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில், எங்கள் ஊரில் எல்லோரையும் போல, இவரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினார். "பயைய வண்டி, தண்ணி குடிக்கத்தான் செய்யும்" என்பார். பச்சையை ஊற்றியிருந்தால், ஒழுகிய நிறத்திலேயே பின்னால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஒரு மாசி மாதம், கரியாலூரில் இறங்கும்போது மாமனாரின் வேட்டி முழங்காலுக்குக் கீழே காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் அவர் கால் வைக்கும் இடத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீக்கடையில் இருந்தவர்களும் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னா பெருசு, வண்டி ஒழுவுதா?" என்று எவராவது கேலி பேசியிருந்தால் உண்மை அங்கேயே தெரிந்திருக்கும். அவர்களும் நாங்களும் மரியாதை காட்டினோம். மரத்த காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவரும் தன் உடம்பைத்தான் சந்தேகப்பட்டார்.

அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே, பரணிலிருந்து இந்த ஷீட்டை எடுத்து அவர் சீட்டில் விரித்து, மேலே ஒரு துண்டையும் போட்டேன். காலையில் அவர் கதவைத் திறந்தார். துண்டின் ஓரத்தில் நீலம் தெரிந்தது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அதன்பின் மலைக்குப் போகும் நாளில் அவர் வாயில் சொட்டுத் தண்ணீர் படாது. கொடுத்த காப்பியை ஓரமாக நகர்த்திவிடுவார். மலையில் நீட்டிய டீயையும் வேண்டாம் என்றாராம். ஆனாலும் வேட்டி நனைந்தது. ஷீட்டை எடுத்து அலசுகிறவள் நான். அது ஒவ்வொரு முறையும் காய்ந்தே இருந்தது. நாற்றமும் இல்லை. நனைந்தது கால் பக்கம் மட்டும்தான் என்று என் மூளைக்கு எட்டவே இல்லை. பாவம், துடைத்துவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஒருநாள், "கண்ணு மங்கலாக்கீது, நீங்களே போய் வாங்க" என்று மாமனார் உட்கார்ந்துவிட்டார். வாசலுக்கு வருவதும் நின்றது.

அவருக்குப் பதிலாகக் கணக்குப் பார்க்க நான் போனேன். மலை ஏற ஏற இன்ஜின் சூடேறியது. நாலாவது வளைவோ ஐந்தாவதோ, என் புடவைக் கொசுவம் வெதுவெதுவென்று காலில் ஒட்டியது. கத்திவிட்டேன். இவர் வண்டியை ஓரங்கட்டி, டேஷ்போர்டு முன்பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். கை நனைந்து வந்தது. முதலில் சிரித்தார். அப்புறம் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சி மெக்கானிக், "ஹீட்டருக்குப் போற ரெண்டு ஓஸ் பைப்பையும் ஒண்ணா சேத்துக் கட்டிட்டா போதும்ணா, நம்மூருக்கு இன்னாத்துக்கு ஹீட்டரு?" என்றார். நியாயமான பேச்சுதான். இவர் கேட்கவில்லை. "எங்கப்பா உக்கார்ற எடம். புதுசே போடு" என்றார். கோயம்புத்தூரிலிருந்து சாமான் வரவழைத்தார்கள். முன்பலகை முழுவதையும் கழற்றி, ஒயர்களெல்லாம் தொங்க, உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெட்டியை உருவினார்கள். குட்டி ரேடியேட்டர் மாதிரி இருந்தது; ஹீட்டரைப் போடாவிட்டாலும் இன்ஜின் சுடுதண்ணீர் இதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்குமாம். அடிப்பக்க இணைப்பில் துரு.

அதை மாமனார் முன் வைத்து இவர் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அடியில் சொட்டியது. "பாத்தியாப்பா? இதுதான்." மாமனார் குனிந்து பார்த்தார். "சரி" என்றார்.

அடுத்த பயணத்துக்குக் கிளம்பி வந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. கதவைத் திறந்தவர் வெறும் சீட்டைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அந்த ஷீட்டு எங்கம்மா?"

"அது வேணாங்க மாமா. வண்டித் தண்ணிதாங்க அது."

"நீங்கல்லாம் நல்ல பிள்ளைங்க. எட்தா."

எங்களை நம்பவில்லை. மனசு நோகாமலிருக்க நாங்கள் ஜோடித்த கதை என்றே நினைத்துவிட்டார். ஒருநாளும் வாயைத் திறக்காத நாங்கள் திடீரென்று சொன்னால் யார் நம்புவார்கள்? எடுத்து வந்து கொடுத்தேன். தானே விரித்து, துண்டு போட்டு மூடி, ஏறினார். மலையிலிருந்து காய்ந்த வேட்டியோடுதான் திரும்பினார். அன்றைக்கும் தண்ணீர் குடிக்கவில்லை; இத்தனை நாள் வாயைக் கட்டியது இப்போதுதான் பலித்தது என்று வைத்துக்கொண்டார். சாகும்வரை மலைப் பயணத்தில் அவர் தண்ணீர் குடிக்கவில்லை.

மகள் தூங்கிவிட்டாள். ஷீட்டை மறுபடி பரணில் ஏற்றுமுன் விரித்துப் பார்த்தேன். பிள்ளைகள் நனைத்த தடம் மங்கலாக இருக்கிறது. அவர் உட்கார்ந்த நாட்களில் அது ஒருமுறைகூட நனையவில்லை.